புறா மேல் விழுந்த பழி

போன மாதம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு சின்னக் கலவரம். நாலாவது மாடியில் எங்கள் அறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டி வைப்பதற்காகக் கட்டிய திண்டில் ஒரு புறா வந்து நாலு குச்சியைப் போட்டு இரண்டு முட்டை வைத்துவிட்டது. (புறா கூடு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைக் கூடு என்று சொல்வதே பெரிய மனசு.) என் ரூம்மேட் பார்த்துவிட்டு அலறிவிட்டான். "மச்சான், இதுல இருந்துதான் பறவைக் காய்ச்சல் வரும். சைனால புறாகிட்ட இருந்துதான்டா மனுஷனுக்கு வந்துச்சு." இரண்டே நாளில் வலை கட்டினார்கள். முட்டைகள் குப்பைக்கூடைக்குப் போயின. அந்தப் புறா மட்டும் ஒரு வாரம் வரைக்கும் வலைக்கு வெளியே வந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

எனக்குப் புறாக்கள் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. துணி காயப்போடுகிற யாருக்கும் இருக்காது. ஆனால் அவன் சொன்ன "சைனா புறா" கதை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அது உண்மைதானா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் ஒரு வழக்கு விசாரணை போல அது நீண்டுகொண்டே போனது. நான் படிப்பது பி.காம். கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருந்தால் திட்டாமல் திருத்தவும் :-)

முதலில் அந்த "சைனா புறா" யார் என்று பார்த்துவிடுவோம்.

2013 மார்ச் மாதம் ஷாங்காய் நகரம் ஏற்கெனவே பீதியில் இருந்தது. நகரத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஹுவாங்பூ ஆற்றில் செத்த பன்றிகள் மிதந்து வந்தன. ஒன்றிரண்டு அல்ல, 10,000க்கும் மேல். அந்த மாதம் 31ஆம் தேதி சீன அரசு இன்னொரு செய்தியை வெளியிட்டது. ஷாங்காயில் இரண்டு ஆண்கள், அன்ஹுயி மாகாணத்தில் ஒரு பெண், ஆக மூன்று பேருக்கு எச்7என்9 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியிருக்கிறது. அந்த வகை வைரஸ் அதற்கு முன் மனிதர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டதே இல்லை. ஷாங்காய்க்காரர்கள் இரண்டு பேரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மூன்றாவதாக இருந்த பெண்ணும் பின்னால் பிழைக்கவில்லை.

ஜனங்கள் முதலில் சந்தேகப்பட்டது பன்றிகளைத்தான். ஆற்றில் மிதந்த பன்றிகளைச் சோதித்தார்கள், எச்7என்9 இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது? வழக்கமாகப் பறவைக் காய்ச்சல் வந்தால் முதலில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகும். அதைப் பார்த்து மனிதர்கள் உஷாராகிவிடலாம். இந்தத் தடவை ஒரு கோழி கூடத் தலை சாயவில்லை. எச்7என்9 கோழிகளுக்குள் இருந்தாலும் அவற்றை நோயாளி ஆக்காத ரகம். மனிதனைக் கொல்கிறது, கோழியை ஒன்றும் செய்வதில்லை. இதைவிடக் கஷ்டமான துப்பறியும் கதை இருக்க முடியாது.

ஏப்ரல் 4ஆம் தேதி சீன வேளாண் அமைச்சகம் முதல் துப்பை அறிவித்தது. ஷாங்காயின் சோங்ஜியாங் மாவட்டத்தில் ஹுஹுவாய் என்ற மொத்த விற்பனைச் சந்தையில் எடுத்த மாதிரிகளில் ஒன்றில் எச்7என்9 இருக்கிறது. அந்த மாதிரி ஒரு புறாவினுடையது.

அவ்வளவுதான். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி புறாதான். அன்று ராத்திரியே சந்தையை மூடி, அங்கிருந்த 20,000க்கும் மேற்பட்ட பறவைகளைக் கொன்றார்கள். 6ஆம் தேதி ஷாங்காயில் உயிருள்ள கோழி, வாத்து, புறா விற்கிற எல்லாச் சந்தைகளும் மூடப்பட்டன. நகரத்தின் நடுவில் மக்கள் சதுக்கம் என்று ஒரு பெரிய திடல் உண்டு. சுற்றுலாப் பயணிகள் தானியம் வாங்கிப் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே வளர்த்த புறாக்களையும் அப்புறப்படுத்தினார்கள். கொஞ்ச நாளில் நான்ஜிங் நகரத்தில் ஒரு காட்டுப் புறாவிடமும் வைரஸ் கிடைத்தது என்று செய்தி வந்ததும் சந்தேகம் உறுதியானது போல ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சீனாவில் "புறா" என்றால் ஒரே பறவை அல்ல. சந்தையில் இருப்பது கறிப்புறா, நம் ஊர் பிராய்லர் மாதிரி பண்ணையில் வளர்த்து, குஞ்சாக இருக்கும்போதே வறுத்துச் சாப்பிடுவது. கான்டன் பக்கத்துச் சமையலில் அது பெரிய அயிட்டம். பந்தயப் புறா வேறு, அதற்கு வீட்டு மாடியில் ராஜ உபசாரம். திடலில் இருப்பது வேடிக்கைப் புறா. கட்டிட இடுக்குகளில் இருப்பது எங்கள் ஹாஸ்டல் புறாவின் சொந்தக்காரன், யாருக்கும் சொந்தமில்லாதவன். அறிவியல் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வாழ்க்கை நாலு விதம். ஹுஹுவாய் சந்தைப் புறா இதில் முதல் ரகம். கோழிக் கூண்டுகளும் புறாக் கூண்டுகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடத்தில், ஒன்றின் எச்சம் இன்னொன்றின் தண்ணீரில் கலக்கிற இடத்தில் அது இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம்.

பறவைக் காய்ச்சல் ஏதோ 1997இல் ஹாங்காங்கில் பிறந்த புது நோய் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 1878இல் இத்தாலியில் டூரின் நகரத்துக்கு அருகே கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததை எதுவார்தோ பெரோன்சிட்டோ என்ற விஞ்ஞானி பதிவு செய்தார். அப்போது அதற்குப் பெயர் கோழிப் பிளேக். முதலில் கோழிக் காலராவோடு போட்டுக் குழப்பிக்கொண்டார்கள், பிறகு வேறு நோய் என்று பிரித்தார்கள். 1901இல் சென்டானி, சவோனுஸ்ஸி என்ற இரண்டு இத்தாலியர்கள் இது பாக்டீரியா இல்லை, வடிகட்டியிலும் நிற்காத அளவு சின்னக் கிருமி என்று காட்டினார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் ஒரு கோழிக் கண்காட்சி. நடுவில் கோழிகள் சாக ஆரம்பித்ததும் கண்காட்சியை நிறுத்தினார்கள். சொந்தக்காரர்கள் அவரவர் கோழியைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். நோய் ஜெர்மனி முழுக்கப் போனது. பறவைகள் பறந்து பரப்பியதைவிட மனிதர்கள் கூடையில் தூக்கிப் போய்ப் பரப்பியதுதான் இந்த நோயின் வரலாற்றில் அடிக்கடி வருகிறது.

அந்தக் கால ஆராய்ச்சியாளர்கள் கையில் கிடைத்த பறவைக்கெல்லாம் இந்தக் கிருமியை ஊசி போட்டுப் பார்த்தார்கள். கோழி செத்தது. வான்கோழி செத்தது. புறா மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. கிருமி என்னவென்றே தெரியாத காலம் அது. 1955இல்தான் வெர்னர் ஷேஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, இந்தக் கோழிப் பிளேக் கிருமி நமக்கு ஃப்ளூ தருகிற இன்ஃப்ளுயன்சா ஏ குடும்பம்தான் என்று கண்டுபிடித்தார். அந்தப் பழைய இத்தாலிய நோய் எச்7 வகை. ஆக ஷாங்காய் எச்7என்9க்கு அது தூரத்து உறவு. புறாவுக்கு இந்த நோய் சரியாக ஒட்டாது என்பது நோயின் பெயர் சரியாகத் தெரிவதற்கு முன்பே கவனிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்படியானால் புறா மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? அதற்கு ஒரு பழைய குற்றப் பதிவு இருக்கிறது. அது உண்மையான குற்றம். ஆனால் வேறு நோய்.

கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் கிராமத்தில் கோழி வளர்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். புத்தகங்களில் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். 1920களின் பிற்பகுதியில் இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்ற ஊரில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். அதே நோய் 1926இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தில் வந்ததால் வெள்ளைக்காரன் அதை நியூகாஸில் நோய் என்கிறான். (அவரவர் நோய்க்கு அவரவர் ஊர்ப் பெயர்!) இதுவும் வைரஸ்தான், ஆனால் இன்ஃப்ளுயன்சா குடும்பம் இல்லை, பாராமிக்சோ என்ற வேறு குடும்பம்.

1980களின் தொடக்கத்தில் இந்த வைரஸின் ஒரு ரகம் புறாக்களுக்கென்றே பழகிப்போய், மத்தியக் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் பந்தயப் புறாக்கள் வழியாகப் பரவியது. நோய் வந்த புறாவுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், தானியத்தைக் கொத்தப் போனால் குறி தவறும், பச்சையாகக் கழியும். 1983இல் அது பிரிட்டனுக்கு வந்தது. 1984இல் பிரிட்டிஷ் கோழிப்பண்ணைகளில் திடீரென்று நியூகாஸில் நோய் வெடித்தது. மொத்தம் 23 இடங்களில். துப்புத் துலக்கிக்கொண்டே போனபோது வழி லிவர்பூல் துறைமுகத்தில் முடிந்தது. அங்கே கிடங்குகளில் குவித்து வைத்திருந்த கோழித்தீவனச் சரக்கின் மேல் நூற்றுக்கணக்கில் புறாக்கள் குடியிருந்தன. அவற்றின் எச்சம் தீவனத்தில் கலந்து, சூடாக்காமல் அப்படியே பண்ணைகளுக்குப் போயிருந்தது. 23இல் 20 இடங்களுக்கு இந்தத் தீவனம்தான் காரணம் என்று முடிவானது. பின்னால் பிரிட்டனில் பந்தயப் புறாக்களுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள்.

ஆக, புறா ஒரு வைரஸைப் பண்ணைக்குள் கொண்டுபோக முடியும் என்பது லிவர்பூலில் நிரூபணம் ஆனது. ஒரு தடவை திருட்டுக் கேசில் மாட்டியவனை ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதலில் கூப்பிடுவார்கள் இல்லையா, அதே கதைதான். பிரிட்டனில் 2007 பிப்ரவரியில் சஃபோக் பக்கம் ஒரு வான்கோழிப் பண்ணையில் எச்5என்1 வந்து சுமார் 1,60,000 வான்கோழிகளைக் கொன்றபோது, பறவைக் கண்காட்சிகளோடு சேர்த்துப் புறாப் பந்தயங்களுக்கும் தடை போட்டார்கள். புறா வளர்ப்பவர்கள் "எங்கள் பறவைக்கு இது வராது" என்று புலம்பினார்கள். சுயநலக் கூச்சல் போலத் தோன்றினாலும் அவர்கள் பக்கம் அப்போதே கொஞ்சம் ஆதாரம் இருந்தது.

அந்த ஆதாரம் என்ன? 1983-84இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் எச்5என்2 வந்து 1.7 கோடிப் பறவைகள் அழிக்கப்பட்டன. அதற்குப் பிறகு, பண்ணையைச் சுற்றித் திரிகிற புறாக்கள் இதைப் பரப்புமா என்ற கேள்வி அங்கே பெரிதானது. 1996இல் வெளியான ஒரு அமெரிக்கச் சோதனையில் புறாக்களுக்குள் கடுமையான பறவைக் காய்ச்சல் வைரஸ்களைச் செலுத்திப் பார்த்தார்கள். புறாக்கள் நோயாளி ஆகவில்லை.

அடுத்து ஹாங்காங். 1997 மே மாதம் ஒரு மூன்று வயதுப் பையன் எச்5என்1 தொற்றி இறந்தான். வருஷக் கடைசிக்குள் மொத்தம் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் 29 முதல் ஊரில் இருந்த கோழிகளை எல்லாம், 10 லட்சத்துக்கும் மேல், சில நாட்களில் கொன்று முடித்தார்கள். அந்த ஹாங்காங் வைரஸை டேவிட் ஸ்வேன் என்ற அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானியின் குழு கோழி, வாத்து, புறா எல்லாவற்றிலும் சோதித்தது. கோழிகள் ஓரிரு நாளில் சுருண்டன. 2002இல் வெளியான முடிவில் புறாக்கள் தாக்குப்பிடித்த பட்டியலில்தான் இருந்தன.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் "புறா நிரபராதி" என்று தலைப்பு வைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆனால் வைரஸ் அதே இடத்தில் நிற்பதில்லை.

2003க்குப் பிறகு ஆசியா முழுக்கப் பரவிய எச்5என்1 பழைய ஹாங்காங் ரகத்தைவிடக் கொடியது. இந்தோனேசியாவில் 2003இல் கோழியிடமிருந்து எடுத்த ஒரு வைரஸை ஜெர்மன் விஞ்ஞானிகள் புறாக்களுக்குச் செலுத்தியபோது சில புறாக்களுக்குக் கழுத்து திருகியது, சில செத்தன. வைரஸ் அவற்றின் மூளைக்குள் போயிருந்தது. 2006இல் வெளியான இந்த ஆய்வு "புறாவுக்கு வரவே வராது" என்ற பழைய நம்பிக்கையை உடைத்தது. பார்ப்பதற்கு அந்தப் பழைய பாராமிக்சோ நோய் மாதிரியே இருப்பதால், கழுத்து திருகின புறாவைப் பார்த்தால் எந்த நோய் என்று கண்ணால் சொல்ல முடியாது, பரிசோதனைதான் வழி.

ஆனால் இங்கேதான் அளவு என்ற ஒரு விஷயம் வருகிறது. 2009இல் அமெரிக்காவில் ஒரு குழு, எவ்வளவு வைரஸ் கொடுத்தால் தொற்றும் என்று சிட்டுக்குருவியையும் புறாவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சிட்டுக்குருவிக்குக் கொஞ்சம் போதும், செத்துவிடும். புறாவுக்கு நிறைய வேண்டும். தொற்றினாலும் அது வெளியே விடுகிற வைரஸ் சொற்பம். வேறு சில சோதனைகளில் வைரஸ் கொடுத்த புறாக்களோடு ஆரோக்கியமான கோழிகளை ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்5என்1 கோழிக்குள் எவ்வளவு சுலபமாகப் புகும் என்று யோசித்தால் இது சாதாரண விஷயம் இல்லை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் செலியா அபோல்னிக் 1940களிலிருந்து நடந்த இப்படிப்பட்ட சோதனைகளை எல்லாம் திரட்டி 2014இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். புறாவுக்குத் தொற்றும், ஆனால் குறைவாக. வெளியே விடும், ஆனால் சொற்பமாக. மொத்தத்தில் அதில் கிடைக்கும் சித்திரம் இதுதான்.

கடன் கொடுப்பவர்கள் மொழியில் சொன்னால், இந்த வைரஸ் புறாவிடம் போய்ச் சேர்ந்தால் அது கிட்டத்தட்ட வாராக்கடன். உள்ளே போகும், திரும்பி வராது.

ஏன் இப்படி? முழுப் பதில் இன்னும் இல்லை. ஒரு பாதிப் பதில் இருக்கிறது. ஃப்ளூ வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் அந்தச் செல்லின் மேல்பரப்பில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைக் கொக்கியைப் பிடிக்க வேண்டும். இந்தக் கொக்கி மாட்டப்பட்டிருக்கும் விதத்தில் இரண்டு வகை உண்டு, 2,3 வகை, 2,6 வகை. பறவை வைரஸ்களுக்குப் பொதுவாக 2,3 பிடிக்கும். மனித ஃப்ளூ வைரஸ்களுக்கு 2,6 பிடிக்கும், நம் மூக்கிலும் தொண்டையிலும் அதுதான் அதிகம். 2009இல் சீன விஞ்ஞானிகள் புறாவின் மூச்சுக்குழாயைப் பார்த்தபோது அங்கே பெரும்பாலும் 2,6 வகைதான் இருந்தது. அதாவது பறவை வைரஸுக்குப் புறாவின் தொண்டை ஒரு தப்பான பூட்டு.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதில் எனக்கு ஒரு இடம் இடித்தது. எச்7என்9 மனிதர்களுக்குத் தொற்றியதற்கு ஒரு காரணமே அது 2,6 கொக்கியையும் ஓரளவு பிடிக்கக் கற்றுக்கொண்டதுதான். அப்படியானால் புறாவுக்கும் அது ஜோராக ஒட்ட வேண்டுமே? ஷாங்காய் புறாதான் குற்றவாளி என்று அடித்துச் சொல்ல இதைவிட நல்ல வாதம் வேண்டுமா?

யாரோ அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மேரி பான்டின்-ஜாக்வுட், டேவிட் ஸ்வேன் முதலானவர்கள் அமெரிக்காவில் உயர் பாதுகாப்புக் கூடத்தில் எச்7என்9 வைரஸைக் கோழி, காடை, புறா, வாத்துகள், வாத்தில் பெரிய ரகமான நீள்கழுத்து வாத்து என்று ஏழு வகைப் பறவைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. கோழியும் காடையும் வைரஸை வாரி இறைத்தன, அதுவும் முக்கியமாக வாய், தொண்டை வழியாக. ஆகவே குடிதண்ணீர்ப் பாத்திரம் ஒன்று போதும், கூண்டு முழுக்கப் பரவ. புறா விட்டது கொஞ்சம்தான். கொக்கி ஒட்டுவது மட்டும் போதாது போலிருக்கிறது, உள்ளே போன பிறகு பெருகவும் வேண்டும். புறாவின் உடம்பு எங்கே, எப்படித் தடுக்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி.

சரி, இப்போது ஹுஹுவாய் சந்தைக்குத் திரும்புவோம்.

முதல் அறிவிப்பில் ஒரு புறா மட்டும்தான் இருந்தது என்று சொன்னேன். ஆனால் ஹார்பின் நகரத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அந்த நாட்களில் ஷாங்காயிலும் அன்ஹுயியிலும் சந்தைகள், பண்ணைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 970 மாதிரிகளை எடுத்திருந்தது. அவற்றில் 20 மாதிரிகளில் எச்7என்9 கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் 10 கோழியிடமிருந்து, 3 புறாவிடமிருந்து, மீதி 7 தண்ணீர், தரை போன்ற சுற்றுப்புறத்திலிருந்து. எல்லாமே ஷாங்காயின் உயிர்ப்பறவைச் சந்தைகளில் எடுத்தவை. பண்ணைகளில் எடுத்தவற்றில் ஒன்று கூட இல்லை.

ஆடிட்டிங் வகுப்பில் எங்கள் சார் அடிக்கடி சொல்வார், ஒரு வவுச்சரில் ஒருவர் கையெழுத்து இருந்தால் அவர் அந்த மேசைக்கு வந்தார் என்றுதான் அர்த்தம், பணத்தை எடுத்தார் என்று அர்த்தம் இல்லை என்று. புறாவின் கையெழுத்து சந்தையில் இருந்தது. கோழியின் கையெழுத்து மூன்று மடங்கு அதிகம் இருந்தது. தரையும் தண்ணீரும் கூடக் கையெழுத்துப் போட்டிருந்தன. முதலில் எந்த வவுச்சர் கையில் கிடைத்ததோ அதுதான் தலைப்புச் செய்தி ஆனது. கோழி பற்றிய செய்திகளும் அடுத்தடுத்த நாட்களில் வரத்தான் செய்தன. ஆனால் முதல் செய்தி ஒரு தடவை மண்டையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்து போகாது, என் ரூம்மேட்டே சாட்சி.

அதற்காக அரசு சந்தையை மூடியது தப்பு என்று நான் சொல்லவில்லை. நேர் எதிர். ஷாங்காய், ஹாங்ஜோ, ஹுஜோ, நான்ஜிங் ஆகிய நாலு நகரங்களில் சந்தை மூடியதன் பலனைக் கணக்குப் போட்ட ஒரு ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. மூடிய பிறகு மனிதர்களுக்குப் புதிதாகத் தொற்றுவது 97 முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்தது. சந்தையில் எல்லாப் பறவைகளும் ஒன்றாக அடைபட்டிருக்கும் ஏற்பாடுதான் பிரச்சினை. ஹாங்காங் இதை முன்பே புரிந்துகொண்டது. 1998இல் வாத்துகளைச் சந்தையிலிருந்து பிரித்தார்கள், 2002இல் காடைகளை.

ஆனால் மூடியதற்கு ஒரு விலை இருந்தது. (காமர்ஸ் மாணவன் இதைப் பேசாமல் எப்படி!) 2013 மே மாதம் ஐ.நா. அமைப்பின் நிபுணர்கள் சொன்ன கணக்குப்படி சீனாவுக்கு அதுவரை நஷ்டம் சுமார் 650 கோடி டாலர். நோய் வந்து செத்த கோழிகளால் இல்லை, ஏனென்றால் கோழிகள் சாகவே இல்லை. விலை விழுந்தது, ஜனங்கள் வாங்குவதை நிறுத்தியது, சந்தை மூடியது, இவற்றால். கேஎஃப்சி நடத்தும் யம் நிறுவனத்தின் சீனக் கடைகளில் அந்த ஏப்ரல் மாத விற்பனை, முந்தைய வருஷ ஏப்ரலோடு ஒப்பிட்டால் 29 சதவீதம் சரிந்தது. 170 டிகிரிக்கு மேல் எண்ணெயில் பொரித்த கோழியில் எந்த வைரஸும் உயிரோடு இருக்காது. அது வாடிக்கையாளருக்கும் தெரியும். இருந்தாலும் கடைப்பக்கம் போகவில்லை. டிமாண்ட் கர்வ் வரையும்போது பயத்தை எந்த அச்சில் போடுவது என்று எங்கள் புத்தகத்தில் இல்லை. பெரிய கம்பெனிகள் சமாளித்துக்கொண்டன. கறிப்புறாப் பண்ணை வைத்திருந்த சின்ன விவசாயி, பெயரிலேயே பழி விழுந்த பொருளை யாரிடம் விற்பான்?

சந்தைகள் பிறகு பல இடங்களில் திறந்தன. குளிர்காலம் வந்தது, எச்7என்9 திரும்ப வந்தது. ஐந்து அலைகளில் 1,500க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றி 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐந்தாவது அலையில், 2017இல், வைரஸ் மாறிக் கோழிகளையும் கொல்ல ஆரம்பித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் சீனா நாடு முழுக்கக் கோழிகளுக்கு எச்5, எச்7 இரண்டுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடத் தொடங்கியது. மனிதர்களுக்கு வருவது கிட்டத்தட்ட நின்றே போனது. தடுப்பூசி போட்டது கோழிக்கு, நோய் நின்றது மனிதனுக்கு. வைரஸ் பெரும்பாலும் எந்தப் பறவையிடம் பெருகிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

புறாவுக்கு முழு விடுதலை கொடுத்துவிட முடியுமா என்றால், முடியாது. 2020க்குப் பிறகு உலகம் சுற்றும் எச்5என்1 ரகம் கடற்பறவைகளை லட்சக்கணக்கில் கொன்றது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே வந்துவிட்டது. அப்படிப் பாதிக்கப்பட்ட சில மாட்டுப் பண்ணைகளைச் சுற்றிப் பிடித்த பறவைகளில் புறாக்களிடமும் மாட்டிடம் இருந்த அதே வைரஸ் இருந்தது. மாடு புறாவுக்குக் கொடுத்ததா, புறா எங்காவது கொண்டுபோனதா என்பது வேறு கேள்வி. காலில் ஒட்டிய சாணியோடு அடுத்த பண்ணைக்குப் பறக்க, புறாவுக்கு நோய் வர வேண்டிய அவசியமே இல்லை. லிவர்பூல் கிடங்கு மாதிரி, தீவனத்தை மூடி வைக்காத இடத்தில் அது ஆபத்துதான்.

புறா எச்சத்தால் வருகிற வேறு நோய்களும் இருக்கின்றன. காய்ந்த எச்சத்தூளை வருஷக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும். மும்பையில் 2025இல் தாதர் கபூதர்கானா என்ற பழைய புறாத் தீனித் திடலைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதை எதிர்த்துப் போராட்டம் எல்லாம் நடந்ததே, அது இந்தக் காரணத்துக்காக. பறவைக் காய்ச்சலுக்காக இல்லை. எங்கள் ஜன்னலில் வலை கட்டியதற்கும் அதுதான் சரியான காரணமாக இருந்திருக்கும். ரூம்மேட்டிடம் இதைச் சொன்னேன். "அப்ப வலை கட்டினது கரெக்ட்தானே" என்றான். கரெக்ட்தான், காரணம்தான் தப்பு என்றேன். அவனுக்கு அது ஒரு வித்தியாசமாகவே தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. வைரஸ்களுக்குப் பெயர் வைக்க ஒரு முறை இருக்கிறது. வகை, எந்த உயிரினம், எந்த ஊர், எண், வருஷம். சோங்ஜியாங் சந்தையில் அகப்பட்ட வைரஸ்களில் ஒன்று மரபணுத் தகவல் கிடங்கில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: ஏ/பிஜியன்/ஷாங்காய்/எஸ்1069/2013. அதே பட்டியலில் எஸ்1053 என்ற எண்ணோடு ஒரு ஷாங்காய் கோழியும் இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் கோழிதான் முன்னால் நிற்கிறது.